ஊராட்சிக்கு நன்கொடைப் பணம் வருகிறதா? கல்வெட்டு அடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பிப்ரவரி கடைசியில்தான் அந்த போன் வரும். “எங்க கம்பெனியில சி.எஸ்.ஆர். பணம், அதான் சமூகப் பொறுப்பு நிதி, 20 லட்சம் மீதி இருக்குங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதாவது செய்யலாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்றாங்க, மார்ச் 31க்குள்ள முடிச்சுக் கொடுக்க முடியுமா?” கேட்கிறவர் நல்ல மனுஷன்தான். இந்தப் பக்கம் போனை எடுத்த ஊராட்சிச் செயலரும் நல்ல மனுஷன்தான். வீடு தேடி வரும் லட்சுமியை யார் வேண்டாம் என்பார்கள், “முடிச்சிடலாம் சார்” என்று சொல்லிவிடுகிறார். அங்கே ஆரம்பிப்பது மூன்று வருஷம் கழித்துப் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடமாகவும், பதில் எழுத முடியாத ஒரு தணிக்கைத் தடையாகவும் (கணக்கைச் சோதிப்பவர்கள் எழுதும் ஆட்சேபம்) வந்து நிற்கும்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் ஊராட்சிகளுக்குக் காகித வேலை செய்து கொடுக்க ஆரம்பித்தவன் நான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் மறுபடி அதே வேலை. இரண்டு தடவையும் பணம் கொட்டியது. கட்டடங்கள் வந்தன, தையல் மெஷின்கள் வந்தன, சக்கர நாற்காலிகள் வந்தன. அவற்றில் எது இன்றும் ஓடுகிறது என்று கேட்டால், மாசாமாசம் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று முதல் நாளே பேசி முடித்தவை மட்டும்தான் ஓடுகின்றன. கீழே எழுதியிருப்பதெல்லாம் ஊராட்சிகளுக்கு உதவப் போகும் தொண்டு நிறுவன ஆட்கள், புதிதாகப் பொறுப்புக்கு வந்த செயலர்கள், கம்பெனி சி.எஸ்.ஆர். பிரிவில் இருக்கும் இளைஞர்கள் ஆகியோருக்காக. உதாரணமாக ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு கிராம ஊராட்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பயிற்சி மையம்.

முதலில், இது எந்தப் பணம்?

பணம் பணம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது எந்த வழியாக வருகிறதோ அதற்குத் தக்கபடி கையும் காலும் கட்டிக்கொண்டுதான் வரும்.

வெளிநாட்டுப் பணமாக இருந்தால் உஷாராக இருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வேறு யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியாது. பக்கத்து ஊர் டிரஸ்டுக்கும் கொடுக்க முடியாது. ஊராட்சிக்கு செக் போட்டுக் கொடுப்பதும் இதில்தான் மாட்டும். தலைவரோ செயலரோ தன் பெயரில் வாங்குவது என்ற பேச்சே கூடாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது, இப்போது 20 சதவீதம்தான். ஆகவே வெளிநாட்டுப் பணம் என்றால் வழி ஒன்றுதான்: தொண்டு நிறுவனமே தன் கணக்கிலிருந்து செலவு செய்யட்டும், அதன் ஆட்களுக்கு அதுவே சம்பளம் கொடுக்கட்டும், ஊராட்சி இடத்தையும் தீர்மானத்தையும் மேற்பார்வையையும் கொடுக்கட்டும். இதற்கு மேல் எதையாவது செய்யச் சொன்னால் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

கம்பெனிப் பணம் வேறு கதை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. 2021இல் திருத்திய விதிகளில் நமக்குத் தேவையான விஷயங்கள் இரண்டு இருக்கின்றன, பல ஊராட்சிகளுக்கு இரண்டுமே தெரியாது.

ஒன்று, அந்தப் பணத்தில் உண்டாகும் சொத்தைப் பொது அதிகார அமைப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதாவது கட்டடம் ஊராட்சியின் பெயரிலேயே இருக்கலாம். “சொத்து எங்க டிரஸ்ட் பேர்லதான் இருக்கணும், ரூல் அப்படி” என்று யாராவது சொன்னால், அது ரூல் இல்லை, அவர்கள் வசதி.

இரண்டாவது, மார்ச் 31 பூச்சாண்டி. அந்தத் தேதிக்குள் கட்டி முடிக்காவிட்டால் பணம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். கம்பெனியின் போர்டு அதைத் தொடர் திட்டமாக, அதாவது ஒரு வருஷத்தைத் தாண்டி நடக்கும் திட்டமாக, ஏற்றுக்கொண்டிருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். ஆக, அந்த பிப்ரவரி போனுக்குச் சரியான பதில்: “சந்தோஷம் சார். இதைத் தொடர் திட்டமாகப் போட முடியுமா என்று உங்கள் போர்டில் கேட்டுச் சொல்லுங்கள்.” இந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டே அவசரக் கட்டடங்கள் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். முன்பெல்லாம் எனக்கும் இது தெரியாது, நானும் மார்ச் ராத்திரிகளில் பில் ஒட்டியவன்தான்.

மூன்றாவது வகை, ஊர்க்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகள், உள்ளூர் வியாபாரிகள் போட்டுக் கொடுப்பது. இதை நமக்கு நாமே திட்டத்தோடு சேர்த்துவிட்டால் நல்லது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகக் கட்டினால் மீதியை அரசு போடும். 5 லட்சம் 15 லட்சமாகும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பும் பணம் நன்கொடையில் சேருமா, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் சேருமா என்பது அவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டுப் பணம். மாமா, மச்சான் என்று பார்க்கக் கூடாது, பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

யாருக்கு, எத்தனை பேருக்கு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம், மொத்தத்தில் 1.6 சதவீதம் சொச்சம். 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு இதைப் பெருக்கினால் 49 பேர் வரும். அந்த 49ஐத் திட்ட அறிக்கையில் எழுதிக் கொடுக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கெடுப்பில் கேட்டது எட்டு வகைக் குறைபாடுகளைத்தான். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருப்பது 21 வகை. ஆட்டிசமும், கற்றல் குறைபாடும், தசைச் சிதைவும், தலசீமியாவும் பழைய எண்ணிக்கையில் தனியாக இல்லவே இல்லை. அதனால் அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வீடு வீடாகப் போங்கள்.

போகும்போது “உங்க வீட்ல ஊனமுற்றவங்க இருக்காங்களா” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வார்த்தையை விட்டுப் பல வருஷம் ஆகிறது, அது போகட்டும், அப்படிக் கேட்டால் பதிலும் வராது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தம்பிக்கு வலிப்பு என்று வாசலில் நின்று யார் சொல்வார்கள்? “பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருக்கா, நடக்கவோ பேசவோ கேட்கவோ சிரமப்படுறவங்க இருக்காங்களா, தனியா விட்டுட்டு வெளிய போக முடியாதவங்க யாராவது?” என்று கேளுங்கள். அங்கன்வாடி ஊழியர், மகளிர் குழுப் பிரதிநிதி, கிராம சுகாதாரச் செவிலியர் மூவரையும் ஒரு மத்தியானம் ஒன்றாக உட்கார வைத்தால் பாதிப் பட்டியல் அங்கேயே வந்துவிடும். கிராமப்புற வறுமை ஒழிப்புக்காக வந்த புதுவாழ்வுத் திட்டக் காலத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று தெருவில் கோலமாவால் ஊர்ப் படம் போட்டு வீடு வீடாகக் குறித்தார்கள். உலக வங்கிப் பணத்தில் வந்த திட்டமாக இருந்தாலும் அந்தப் பழக்கம் நம்முடையதாகிவிட்டது. அதில் பழகிய அக்காக்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

பட்டியல் வந்ததும், அரசு ஏற்கெனவே கொடுப்பவற்றைத் தனியாகக் கழித்துவிடுங்கள். சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசம். அங்கே அளவெடுத்துக் கொடுப்பார்கள், நன்கொடையில் வருவது பெரும்பாலும் ஒரே சைஸ். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் (பிசியோதெரபிஸ்ட்) இருப்பார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையங்கள் திறக்கிறார்கள், உங்கள் வட்டாரத்தில் ஒன்று வந்திருக்கிறதா அல்லது வரப்போகிறதா என்று விசாரியுங்கள். அரை மணி நேரத் தூரத்தில் அது இருக்கும்போது நீங்கள் இன்னொரு மையம் கட்டுவதைவிட அங்கே போய்வர ஆட்டோ வாடகைக்குப் பணத்தை ஒதுக்குவது எவ்வளவோ புத்திசாலித்தனம். நன்கொடையாளருக்கு இது பிடிக்காது. ஆட்டோவுக்குத் திறப்பு விழா நடத்த முடியாதே.

இன்னொன்று. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் செய்த திருத்தப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக வர வேண்டும். உங்கள் ஊரில் அந்த இடம் நிரம்பியிருந்தால் நன்கொடை விஷயமாக நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான். நிரம்பவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகள் இருவர், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் அம்மா ஒருவர், மூன்று பேரைத் திட்டக் குழுவில் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தை மாடியில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

தீர்மானத்தை எப்படி எழுதுவது

நல்ல தீர்மானம் ஒன்று பத்து வருஷச் சண்டையை மிச்சப்படுத்தும். பெரும்பாலும் மினிட் புத்தகத்தில் இருப்பது “நன்கொடையை ஏற்றுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது, நிறுவனத்துக்கு நன்றி” என்ற இரண்டு வரி. நன்றி இருக்கட்டும், மற்றதையும் எழுதுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மேற்படி நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இவ்வூராட்சியில் சர்வே எண் (இன்னது) நத்தம் புறம்போக்கில், ஊராட்சிக்குச் சொந்தமான பழைய நூலகக் கட்டடத்தைப் புதுப்பித்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பயிற்சி மையமாக அமைத்துத் தர முன்வந்ததை மன்றம் ஏற்கிறது. கட்டடமும் அதில் நிறுவப்படும் கருவிகளும் ஊராட்சியின் சொத்தாகும். மையத்தை மூன்று ஆண்டுகள் (இன்ன) தொண்டு நிறுவனம் நடத்தும். பணியாளர் ஊதியம் அந்நிறுவனத்தின் பொறுப்பு, ஊராட்சி எவரையும் பணியமர்த்தவில்லை. மின் இணைப்பு ஊராட்சியின் பெயரில் இருக்கும், மின் கட்டணத்தை ஊராட்சி பொது நிதியிலிருந்து செலுத்தும். சாவி ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்று மைய ஒருங்கிணைப்பாளரிடமும் இருக்கும். மூன்றாம் ஆண்டின் முதல் கிராம சபையில் தொடர் ஏற்பாடு குறித்துப் பொருள் வைக்கப்படும்.”

பணியாளர் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். ஊராட்சி தன்னிஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. வரி தெளிவாக இல்லையென்றால் மூன்று வருஷம் வேலை பார்த்த உதவியாளர் “என்னைப் பஞ்சாயத்துல நிரந்தரம் பண்ணுங்க” என்று வந்து நிற்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கும், உங்கள் கையில் வழி இருக்காது.

இந்தத் தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கம்பெனிக்காரர்கள் தேதி கேட்கும்போது இந்தப் பட்டியலை முன்னால் வைத்துப் பேசினால் மரியாதையாக இருக்கும், இரண்டு மாதம் அவகாசமும் கிடைக்கும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால் கூடுதல் கவனம் தேவை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததும் இப்படித்தான் ஆனது. தனி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளைப் பார்ப்பார், நாளைக்கு மாறுதலில் போய்விடுவார். வாய்மொழி ஒப்புதலை நம்பி ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

நடப்புச் செலவு

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

கடற்கரை ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், நல்லதாக ஒரு பயிற்சிக் கூடம் கட்டினார்கள். நடக்கப் பழக இணைக் கம்பிகள், கண்ணாடி, மெத்தை, பெரிய ரப்பர் பந்துகள், எல்லாம் அருமையாக இருக்கும். மின் இணைப்பை மட்டும் அவசரத்துக்குத் தொண்டு நிறுவனத்தின் பெயரில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வருஷம் திட்டம் முடிந்து அவர்கள் கிளம்பினார்கள். பில் பாக்கி விழுந்தது, ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்கள். இணைப்பை ஊராட்சி பெயருக்கு மாற்றப் பழைய ஆளின் கையெழுத்து வேண்டும், அவரோ வேறு மாநிலத்தில். ஒரு வருஷம் கழித்து நான் போனபோது இணைக் கம்பிகளில் யாரோ வலையைக் காயப்போட்டிருந்தார்கள். கோபம்கூட வரவில்லை, நல்ல உயரத்தில் வசதியாகத்தான் இருந்தது வலைக்கு.

ஆகவே கட்டட மதிப்பீட்டுக்கு முன் மாதச் செலவை எழுதுங்கள். 12 குழந்தைகள், வாரம் இரண்டு நாள், அதாவது மாதம் 8 நாள் நடக்கும் மையத்துக்கு ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். இயன்முறைப் பயிற்சியாளர் வருகைக்கு 1,500 ரூபாய் வீதம் 12,000. உதவியாளர் 8,000. மூன்று ஆட்டோ, ஒன்றுக்கு நாளைக்கு 400 வீதம், 9,600. கரண்ட் 1,000. சுத்தம், பினாயில், டயப்பர், பிஸ்கட், சில்லறை ரிப்பேர் 1,500. கூட்டினால் மாதம் 32,100, வருஷத்துக்கு 3,85,200. நாலு வருஷத்துக்கு 15 லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது 15 லட்சத்தில் கட்டடம் புதுப்பித்தீர்கள் என்றால், அதே அளவு பணம் நாலே வருஷத்தில் மறுபடி வேண்டும். இந்தத் தாளைத் தலைவர் முன்னாலும் கம்பெனிக்காரர் முன்னாலும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த மௌனம் நல்லது, கலைக்காதீர்கள்.

அதற்கப்புறம் யார் எதை எடுப்பது என்று பிரியுங்கள். கரண்ட், சுத்தம், சின்ன ரிப்பேர் ஆகியவை ஊராட்சிக்கு முதல் நாளிலிருந்தே. வருஷத்துக்கு முப்பதாயிரம் சொச்சம்தான், வீட்டு வரி ஒழுங்காக வசூலாகும் ஊரில் முடியும். பயிற்சியாளர் சம்பளமும் ஆட்டோவும் நன்கொடையாளரிடமிருந்து மூன்று வருஷம் எழுத்தில். உதவியாளர் முடிந்தவரை உள்ளூர்ப் பெண்ணாக, மகளிர் குழுக் கூட்டமைப்பு வழியாக. மாற்றுத்திறனாளிக் குழந்தையின் அம்மாவாகவே இருந்தால் எனக்கு ரொம்பத் திருப்தி, அவர் லீவு போட மாட்டார். வெட்டிக் குறைக்கச் சொன்னால் பெயிண்டைக் குறையுங்கள், டைல்ஸைக் குறையுங்கள், ஆட்டோவைத் தொடாதீர்கள். பத்து வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா எத்தனை நாள் பஸ் ஏறுவாள்? ஆட்டோ நின்ற அடுத்த மாதமே வருகைப் பதிவேடு காலியாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ராம்ப்

ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மற்றதெல்லாம் புரியும். மேலே தீர்மானத்தில் வந்த பழைய நூலகக் கட்டடத்தின் தரை ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஓவர்சியர் எஸ்டிமேட்டில் ராம்ப், அதாவது சாய்தளம், 6 அடி நீளம் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், “எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் சார் போடுறோம்.” விதி என்ன? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. ஆறடி ராம்பில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி ரோட்டுக்குப் போய்விடும்.

பதினெட்டு அடிக்கு முன்னால் இடமில்லை. சுவரை ஒட்டி ஒன்பது அடி, ஐந்தடி சமதளம், அங்கே திரும்பி இன்னொரு ஒன்பது அடி என்று சாக்பீஸில் தரையில் போட்டோம். மூன்று சக்கர வண்டி ஓட்டும் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரைக் கூப்பிட்டுக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். திருப்பத்தில் இடித்தது. “கைப்பிடியை இந்தப் பக்கம் வெச்சிட்டா என் முழங்கை எங்க போகும்?” என்று கேட்டார். கைப்பிடி இடம் மாறியது. சிமெண்ட் போடுவதற்கு முன் நடந்ததால் செலவு ஒரு சாக்பீஸ்.

கழிவறைக்கும் இதே வைத்தியம்தான். கதவு 90 சென்டிமீட்டர் அகலம், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு வாசலில் நான்கு அங்குலப் படி ஒன்றைத் தண்ணீர் வராமல் இருக்க வைப்பார் கொத்தனார். தடுத்து நிறுத்துங்கள். கடைசி பில் பாஸ் ஆவதற்கு முன், சக்கர நாற்காலியில் ஒருவர் ரோட்டிலிருந்து கழிவறை வரை யாரும் தொடாமல் போய்த் திரும்ப வேண்டும் என்பதை வேலை உத்தரவிலேயே நிபந்தனையாகப் போட்டுவிடுவேன். எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு சரியாக இருப்பது வேறு, ஆள் உள்ளே போக முடிவது வேறு.

கணக்கும் பதிவேடும்

பணம் ஊராட்சிக் கணக்குக்கே வருகிறது என்றால் டெண்டர் சட்டம் வரும், அளவுப் புத்தகம் வரும், பிடித்தங்கள் வரும். ஒப்பந்தக்காரர் தனிநபர் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். கட்டட வேலைக்குத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். பிடித்ததை உரிய தேதியில் கட்டாமல் விட்டால் வட்டி ஊராட்சி தலையில் விழும், நன்கொடையாளர் அதைத் தர மாட்டார். சின்ன வேலை, நன்கொடையாளரே ஆள் வைத்துச் செய்து ஒப்படைக்கத் தயார் என்றால் அந்த வழியைத்தான் நான் சொல்வேன். ஊராட்சியிடம் வேலைக்கான அனுமதி, ஒன்றியப் பொறியாளர் மேற்பார்வை, முடிந்ததும் ஒப்படைப்புச் சான்று, அவ்வளவு போதும்.

ஊராட்சியே செலவு செய்தால் வங்கிக் கணக்கைத் தனியாக வைக்க அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் ரொக்கப் புத்தகத்தில் தனித் தலைப்பு, தனிப் பக்கம். பொது நிதியோடு கலந்துவிட்டால், குடிதண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று ஒரு நாள் அவசரத்துக்கு எடுத்துவிடுவார்கள். எடுத்தவர் திருடர் இல்லை, ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று எழுதும்போது அந்த 40,000 எங்கே என்று தேடுவீர்கள். வட்டி வந்தால் அதுவும் திட்டத்துப் பணம்தான், அதையும் சான்றில் காட்ட வேண்டும். சின்னத் தொகைதான், கம்பெனி ஆடிட்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இருப்புப் பதிவேட்டில் பொருளை முழுசாக எழுதுங்கள். ஓர் ஊரில் வந்த 14 சக்கர நாற்காலிகளை “நாற்காலி – 14” என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு வந்தவர்கள் அலுவலகத்தில் நாற்காலிகளை எண்ணினார்கள், ஆறு இருந்தது, பிளாஸ்டிக். மீதி எட்டு எங்கே என்று தடை எழுதிவிட்டார்கள். அந்த 14ம் பயனாளிகள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன, ஒப்புகைச் சீட்டு மட்டும் வாங்கவில்லை. விளக்கம் எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித் தடையை நீக்க எட்டு மாதம் ஆனது. கொடுத்த அன்றைக்கே வாங்கியிருந்தால் அரை மணி நேர வேலை.

பயனாளிப் பதிவேட்டில் பெயர், தெரு, மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை எண், பெற்ற சேவை, தேதி, இவை போதும். ஆதார் நகலையும் மருத்துவச் சான்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கம்பெனிக்கு மெயில் அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் வந்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

போட்டோ, பலகை

கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயரைப் பெரிசாக எழுதி வெளிச்சத்தையே மறைத்த கதை நமக்குப் புதிதில்லை. கொடுத்தவர் பெயர் போடத்தான் வேண்டும், பலகை அளவை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மையத்தின் பெயர், நேரம், பயிற்சியாளர் வரும் நாள், கூப்பிட வேண்டிய எண் ஆகியவை மேலே பெரிதாக, நன்கொடையாளர் பெயர் கீழே. குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் பெரிய அட்டைக் காசோலையோடு போட்டோ எடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. இதற்காக ஒரு கம்பெனி கோபித்துக்கொண்டு போயிருக்கிறது, அடுத்த வருஷம் அதே ஆட்கள் திரும்பியும் வந்தார்கள். போட்டோ தேவைதான் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, பயிற்சி நடக்கும்போது, முகம் தெரியாமல் எடுக்க எத்தனையோ கோணம் இருக்கிறது.

மூன்றாவது வருஷம்

திட்டம் முடிய பன்னிரண்டு மாதம் இருக்கும்போதே அடுத்த ஏற்பாட்டைத் தொடங்குங்கள், மூன்று மாதம் இருக்கும்போது ஆரம்பித்தால் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வருகைப் பதிவேட்டின் சுருக்கம் ஒரு பக்கம், மாதச் செலவு ஒரு பக்கம், இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நல அலுவலர், வட்டார வள மையம், பக்கத்தில் இருக்கும் வேறு கம்பெனி என்று வரிசையாகப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மையத்துக்குப் பணம் கேட்பது சுலபம், பூட்டியதைத் திறக்கக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பயிற்சியாளர் நாட்களை எட்டிலிருந்து நான்காகக் குறைக்க நேர்ந்தாலும் குறைத்துக்கொள்ளுங்கள், இடைப்பட்ட நாட்களில் உதவியாளரும் அம்மாக்களும் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்யலாம்.

முடிக்கும் நாளில் ஊராட்சி அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியவை: ஒப்படைப்புச் சான்று, பயன்பாட்டுச் சான்று, கருவிகளின் பில்லும் உத்தரவாதச் சீட்டும், கடைசி மின் கட்டண ரசீது ஊராட்சி பெயரில், பயிற்சியாளரின் போன் நம்பர், இரண்டாவது சாவி. சாவியைப் பூட்டில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு தடவை கொடுத்த சாவி பக்கத்து அங்கன்வாடியுடையது.